கடற்பாசிக்குள் ஒரு மருந்துச் சுரங்கம்

ஆன்டிபயாடிக் மருந்துகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து வரும் காலத்தில், கடல் தாவரங்களுக்குள் குடியிருக்கும் பூஞ்சைகளைத் துழாவுகிறார்கள் விஞ்ஞானிகள். நம்பிக்கை நிறையவே இருக்கிறது. ஆனால் சோதனைத் தட்டிலிருந்து மருந்துக்கடைக்குப் போகும் பாதை நீளமானது, செலவு மிக்கது.

மன்னார் வளைகுடாவில் கடல் நீர் வற்றும் நேரம் பார்த்து பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்குகிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் பறித்து வரும் கடற்பாசிகளுக்கு விலை உண்டு. ஐஸ்கிரீமைக் கெட்டியாக்குவது முதல் துணிக்குச் சாயம் ஏற்றுவது வரை இவற்றிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருட்கள் பயன்படுகின்றன. அதே பாசியைப் பறிக்க வரும் இன்னொரு கூட்டமும் உண்டு. ஒரு கைப்பிடி போதும் இவர்களுக்கு. அதுவும் பாசிக்காக அல்ல; அதன் திசுக்களுக்குள் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் பூஞ்சைக்காக.

கண்ணுக்குத் தெரியாத இந்தக் குடித்தனக்காரர்களின் பெயர் எண்டோஃபைட்டுகள். தமிழில் உள்வாழ் பூஞ்சைகள் எனலாம். இலைக்குள்ளோ தண்டுக்குள்ளோ மெல்லிய இழைகளாகப் பரவிக் கிடக்கும். தாவரத்துக்கு நோய் எதுவும் வராது. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஒருவர் இருப்பதே தெரியாது. ஆனால் அந்தக் குறுகிய இடத்தில் தங்கள் பங்கைக் காத்துக்கொள்ள இவை விதவிதமான ரசாயனங்களைச் சுரக்கின்றன. பாக்டீரியாவை விரட்ட ஒன்று, போட்டிக்கு வரும் வேறு பூஞ்சையை அடக்க ஒன்று, இலையைக் கடிக்க வரும் பூச்சிக்கு ஒன்று. இந்த ஆயுதங்களில் சிலவற்றை மனிதனுக்கு மருந்தாக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

கேள்விக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

மருந்துக்கு அடங்காத கிருமிகள்

உலகில் 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர் என்று 2022இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. இத்தகைய தொற்றோடு தொடர்புடைய சாவுகளையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 49.5 லட்சம். அதே குழுவினர் 2024இல் வெளியிட்ட கணிப்பு இன்னும் பயங்கரம்: 2025க்கும் 2050க்கும் இடையே 3 கோடியே 90 லட்சம் பேர் இதற்குப் பலியாகக்கூடும். தெற்காசியாவின் பங்கு இதில் பெரியது.

இந்தியாவுக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய காயமும் உண்டு. டெல்லி மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவிட்டு ஸ்வீடன் திரும்பிய இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரிடம் கண்டறியப்பட்ட கிருமியில், வலிமை மிக்க கார்பாபெனெம் மருந்துகளையே சிதைக்கும் ஒரு நொதி இருந்தது. 2009இல் அதற்கு ‘நியூ டெல்லி மெட்டாலோ-பீட்டா-லேக்டமேஸ்’ என்று பெயர் சூட்டினார்கள். தலைநகரின் பெயரைக் கிருமியின் ஆயுதத்துக்கு வைப்பதா என்று 2010இல் நாடாளுமன்றம் வரை கொதித்தது. கோபம் தணிந்தது, கிருமி தணியவில்லை. 2012இல் நாட்டின் மருத்துவ அமைப்புகள் கூடி ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டன. 2014இல் முக்கிய ஆன்டிபயாடிக்குகள் சிலவற்றை எச்1 அட்டவணையில் வைத்து, விற்பனையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 2019இல் கோழிப் பண்ணைத் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதற்குத் தடை விழுந்தது. இவையெல்லாம் இருக்கிற மருந்தைக் காப்பாற்றும் முயற்சிகள். புதிய மருந்து வேண்டும் என்ற தேவை அப்படியே நிற்கிறது.

பாக்டீரியா மட்டும்தான் எதிரி என்றில்லை. கேண்டிடா ஆரிஸ் என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் படுத்திருப்பவர்களின் ரத்தத்தில் புகுந்து உயிரைக் குடிக்கிறது. பல பூஞ்சைக்கொல்லி மருந்துகள் அதனிடம் பலிப்பதில்லை. மருத்துவமனைக்கு வெளியே அது எங்கே வாழ்கிறது என்பது பல ஆண்டுகள் புதிராகவே இருந்தது. 2021இல் டெல்லி வல்லபபாய் படேல் மார்பு நோய்க் கழகத்தின் அனுராதா சௌத்ரி குழுவினர் அதைக் கண்டுபிடித்த இடம், அந்தமான் தீவுகளின் உப்புச் சதுப்பு நிலமும் மணற்கரையும். நோய் தரும் பூஞ்சை வாழும் அதே கடலோரத்தில்தான் மருந்து தரும் பூஞ்சையையும் தேட வேண்டியிருக்கிறது.

சாக்கடை தந்த சஞ்சீவி

பூஞ்சை மருந்து தரும் என்பது புதிய சங்கதி அல்ல. 1928இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கழுவாமல் விட்டிருந்த தட்டில் பென்சிலியம் பூஞ்சை விழுந்த கதை பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். அவ்வளவாகத் தெரியாதது இத்தாலியின் கதை.

1945. போர் முடிந்து நொந்து கிடந்த சார்டினியா தீவு. அதன் தலைநகர் கக்லியாரியில் ஜூசெப்பே ப்ரோட்ஸு என்ற பேராசிரியருக்கு ஒரு சந்தேகம். நகரத்துச் சாக்கடை கடலில் கலக்கும் இடத்தில் ஜனங்கள் குளிக்கிறார்கள். ஆனால் எதிர்பார்க்கும் அளவுக்கு டைஃபாய்டு பரவவில்லையே, ஏன்? சாக்கடை கலந்த கடல் நீரை எடுத்து வளர்த்துப் பார்த்தார். அதில் கிடைத்தது செஃபலோஸ்போரியம் என்று அப்போது அழைக்கப்பட்ட பூஞ்சை. டைஃபாய்டு கிருமியை அது அடக்கியது. அதைச் சுத்திகரிக்கும் வசதி அவரிடம் இல்லை. உள்ளூர் வெளியீடு ஒன்றில் 1948இல் எழுதி வைத்துவிட்டு, பூஞ்சையை ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பினார். அங்கே கை நியூட்டனும் எட்வர்ட் ஆபிரகாமும் 1953இல் செஃபலோஸ்போரின்-சி என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இந்தக் குடும்பத்தின் முதல் மருந்து சந்தைக்கு வந்தபோது 1964 ஆகியிருந்தது.

இன்று இந்தியாவில் எந்த ஊர் மருந்துக்கடையிலும் கிடைக்கும் செஃபலெக்ஸின், செஃபிக்ஸிம், செஃப்ட்ரையாக்ஸோன் எல்லாம் அந்த வம்சத்தில் வந்தவைதான். கடலோரம் ஒருவருக்கு எழுந்த சந்தேகம், ஒரு பூஞ்சை, பிறகு 19 ஆண்டு ரசாயனம். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

குடியிருப்பவரின் கைவண்ணம்

மண்ணைத் தோண்டித் தோண்டி 1940களிலும் 50களிலும் ஆன்டிபயாடிக்குகளை அள்ளினார்கள். பிறகு மண் சலித்துவிட்டது. எத்தனை முறை தோண்டினாலும் தெரிந்த பொருளே திரும்பத் திரும்பக் கிடைத்தது. அப்போதுதான் தாவரத்தின் உட்புறம் பக்கம் கவனம் திரும்பியது.

1993இல் அமெரிக்காவின் மொன்டானாவில் ஆண்ட்ரியா ஸ்டியர்லே, டொனால்ட் ஸ்டியர்லே, கேரி ஸ்ட்ரோபெல் ஆகியோர் பசிபிக் யூ மரத்துக்குள் வாழும் பூஞ்சை ஒன்று, அந்த மரமே தரும் டாக்ஸால் என்ற புற்றுநோய் மருந்தைச் சிறிதளவு தானும் தயாரிப்பதாக அறிவித்தார்கள். அறிவிப்பு உலகெங்கும் உள்வாழ் பூஞ்சை வேட்டையைக் கிளப்பிவிட்டது. பின்னர் வந்த ஆய்வுகள் சில அந்த முடிவைச் சந்தேகித்தன. பூஞ்சையை வைத்து டாக்ஸால் தொழிற்சாலை எதுவும் எழவில்லை. ஆனால் வேட்டை வீண் போகவில்லை. ஜூனிபர் செடியின் இலைக்குள் வாழும் ஹார்மோனீமா என்ற பூஞ்சையில் கிடைத்த என்ஃபுமாஃபங்கின் என்ற பொருளை ரசாயன முறையில் மாற்றியமைத்து உருவானது ஐப்ரெக்ஸாஃபங்கெர்ப். கேண்டிடா தொற்றுக்கான இந்த மாத்திரைக்கு 2021 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. இலைக்குள் இருக்கும் பூஞ்சையிலிருந்து மருந்து வரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அது தரைச் செடி. கடல் தாவரங்களின் கதை வேறு. கடற்பாசி உண்மையில் தாவரமே அல்ல, வேரும் பூவும் இல்லாத பாசியினம். கடற்புல் அப்படியல்ல; கடலுக்கடியிலேயே பூத்துக் காய்க்கும் அசல் தாவரம். கரையில் சுரபுன்னையும் வெண்கண்டலும் நிற்கும் அலையாத்திக் காடு மூன்றாவது வகை. மூன்றுக்கும் பொதுவானது வாழ்க்கையின் கடுமை. உப்பு, ஏறி இறங்கும் அலை, சுட்டெரிக்கும் வெயில், சொட்டுத் தண்ணீரில் லட்சக்கணக்கில் நுண்ணுயிர்கள். இதில் தாக்குப்பிடிக்கும் பூஞ்சை, தரையில் பார்த்திராத ரசாயனத்தைச் சுரக்கக்கூடும் என்பது எதிர்பார்ப்பு.

எதிர்பார்ப்புக்கு இடமும் இருக்கிறது. உலகில் பூஞ்சை இனங்கள் 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை இருக்கலாம் என்பது 2017இல் வெளியான மதிப்பீடு. இதுவரை பெயர் வைக்கப்பட்டவை அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கடல் பூஞ்சை என்று பட்டியலில் ஏறியவை சுமார் 2,000தான்.

பிச்சாவரத்திலிருந்து கோவா வரை

இந்தியாவில் இந்தத் தேடலுக்குத் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று பிச்சாவரம். சென்னை விவேகானந்தா கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த டி.எஸ். சூரியநாராயணனும் அவருடைய குழுவினரும் 1990களின் பிற்பகுதியில் சுரபுன்னை இலைகளுக்குள் வாழும் பூஞ்சைகளைக் கணக்கெடுத்தார்கள். பிறகு கடற்பாசிகள் பக்கம் திரும்பினார்கள். தமிழகக் கடலோரப் பாசிகளின் உட்பூஞ்சைகள் பற்றிய அவர்களது விரிவான ஆய்வு 2010இல் வெளிவந்தது. சில பூஞ்சைகளின் சாறு வேறு பூஞ்சைகளையும் பாசிகளையும் பூச்சிகளையும் தடுத்தது. கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தில் சேஷகிரி ரகுகுமாரும் சந்திரலதா ரகுகுமாரும் கடல் பூஞ்சை ஆராய்ச்சிக்கே ஒரு மரபை உண்டாக்கினார்கள்.

செய்முறை கேட்க எளிது. பறித்த பாசியைச் சுத்தமான கடல் நீரில் அலசுகிறார்கள். சாராயத்திலும் சோடியம் ஹைப்போகுளோரைட்டிலும் சில நொடிகள் முக்கி மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எல்லாவற்றையும் கொல்கிறார்கள். கொன்றாயிற்றா என்று பார்க்க, பாசித் துண்டை ஊட்டக்கூழின் மேல் ஒற்றி எடுத்து, அங்கே எதுவும் முளைக்கவில்லை என்று உறுதி செய்கிறார்கள். பிறகு அரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கித் தட்டில் வைக்கிறார்கள். நாட்கள் செல்லச் செல்ல வெட்டுவாயிலிருந்து வெள்ளை, பச்சை, கறுப்பு இழைகள் எட்டிப் பார்க்கின்றன. உள்ளே இருந்தவர் வெளியே வந்துவிட்டார்.

ஒவ்வொரு பூஞ்சையையும் தனித்தனியாகப் பிரித்து வளர்த்து, சாறு எடுத்து, நோய்க்கிருமி பரப்பிய தட்டில் ஒரு சொட்டு. சுற்றிலும் கிருமி முளைக்காமல் ஒரு வெற்று வட்டம் விழுந்தால் ஆய்வகத்தில் உற்சாகம்தான். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் பல இந்த வட்டத்தோடு முடிந்துவிடுகின்றன. உண்மையான வேலை தொடங்குவதே அங்கேதான்.

வட்டத்துக்குப் பின்னால்

முதல் தடை, பழைய முகங்கள். கடற்பாசிக்குள் அதிகம் அகப்படுபவை ஆஸ்பெர்ஜில்லஸ், பென்சிலியம், கிளாடோஸ்போரியம். ஊசிப்போன ரொட்டியிலும் ஈரச் சுவரிலும் பார்க்கிற அதே இனங்கள். இவை கடலுக்கே உரியவையா, தரையிலிருந்து காற்றில் வந்து ஒண்டியவையா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. வட்டம் போட்ட பொருளும் 50 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்ததாக இருக்கலாம். புதியதுதானா என்று சொல்ல விலை உயர்ந்த கருவிகளும் அவற்றை ஓட்டத் தெரிந்த ரசாயன நிபுணர்களும் வேண்டும்.

இரண்டாவது தடை, நச்சு. பாக்டீரியாவைக் கொல்லும் பொருள் மனித செல்லையும் கொல்லும் என்றால் அது மருந்தல்ல, விஷம். பல பூஞ்சைகள் தயாரிக்கும் கிளியோடாக்ஸின் இதற்கு உதாரணம். கிருமிகளை அருமையாக ஒழிக்கும், நோயாளியையும் விட்டுவைக்காது.

மூன்றாவது தடை, அளவு. அதற்குப் பாடம் சொல்வது பெஸ்டலோன். பஹாமாஸ் தீவுகளின் ஒரு பழுப்புக் கடற்பாசியில் கிடைத்த பெஸ்டலோஷியா பூஞ்சை, தனியாக வளர்த்தபோது விசேஷமாக எதையும் தரவில்லை. கடல் பாக்டீரியா ஒன்றைப் பக்கத்தில் விட்டதும் புதிய பொருள் ஒன்றைச் சுரந்தது. மருத்துவமனைகளை மிரட்டும் எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமியை அது மில்லிலிட்டருக்கு 37 நானோகிராம் அளவிலேயே அடக்குவதாக 2001இல் அமெரிக்காவின் வில்லியம் ஃபெனிக்கல் குழுவினர் தெரிவித்தார்கள். அபாரமான வீரியம். பத்து ஆண்டுகளுக்கு மேல் அது ஆய்வுக் கட்டுரைகளில் நம்பிக்கை நட்சத்திரமாக ஜொலித்தது. ஆனால் பூஞ்சையிடமிருந்து கிடைத்த அளவு சொற்பம். மறுபடி சோதிக்கக் கைவசம் சரக்கு இல்லை. ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் அதை முழுக்கச் செயற்கையாகவே தயாரித்தார்கள். தனித்தனியாக இரு ஆய்வகங்களில் சோதித்தபோது தேவைப்பட்ட அளவு 3 முதல் 10 மைக்ரோகிராம் என்று 2013இல் தெரிந்தது. முதலில் சொன்னதைவிட ஏறக்குறைய 80 முதல் 270 மடங்கு அதிகம். நட்சத்திரம் உதிர்ந்தது.

ஹாலிமீடா என்ற பச்சைப் பாசியோடு வாழும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சையின் பொருளை ஒட்டி உருவான பிளினாபுலின் இன்னும் தூரம் போனது. இது ஆன்டிபயாடிக் அல்ல. புற்றுநோய் சிகிச்சையில் ரத்த வெள்ளணுக்கள் குறைவதைத் தடுக்கும் நோக்கில் கடைசிக் கட்ட மனிதச் சோதனை வரை சென்றது. 2021 இறுதியில் அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி மறுத்தது. கடற்பாசிப் பூஞ்சையிலிருந்து புறப்பட்டு மருந்துக்கடை அலமாரியை எட்டிய ஆன்டிபயாடிக் உலகில் இன்னும் ஒன்றுகூட இல்லை.

இருந்தும் பெஸ்டலோன் ஒரு நல்ல பாடத்தை விட்டுச் சென்றது. எதிராளி பக்கத்தில் வந்தால்தான் பூஞ்சை ஆயுதத்தை எடுக்கிறது. பூஞ்சைகளின் மரபணு வரைபடங்கள் கைக்கு வந்த பிறகு இது மேலும் தெளிவாகியது. ஒரு பூஞ்சையிடம் பல பத்து ரசாயனங்களுக்கான மரபணுத் தொகுதிகள் இருக்கின்றன. ஆய்வகத் தட்டில் சொகுசாக வளரும்போது அவற்றில் பெரும்பாலானவை உறங்குகின்றன. உப்பைக் கூட்டியும் உணவைக் குறைத்தும் அவற்றைத் தட்டி எழுப்பப் பார்க்கிறார்கள். பகையாளியோடு ஒரே குடுவையில் அடைப்பது இன்னொரு வழி.

காசுக்கு எங்கே போவது?

எழுப்பிய பிறகும் கடைசித் தடை ஒன்று இருக்கிறது. அது விஞ்ஞானம் அல்ல, வியாபாரம். ரத்த அழுத்த மாத்திரையை ஆயுள் முழுக்க விற்கலாம். ஆன்டிபயாடிக்கை ஒரு வாரத்துக்கு மேல் விற்க முடியாது; அதிலும் புதியது என்றால் அவசரத்துக்கு மட்டும் கொடு என்று மருத்துவர்களே பூட்டி வைப்பார்கள். அமெரிக்காவின் அக்கேயோஜென் நிறுவனம் பிளாஸோமைசின் என்ற புதிய ஆன்டிபயாடிக்குக்கு 2018இல் அனுமதி வாங்கியது. அடுத்த ஆண்டே திவாலானது. பெரிய நிறுவனங்கள் பல இந்தத் துறையை விட்டே நழுவிவிட்டன.

இந்தியாவின் கணக்கு கொஞ்சம் வேறு. உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உதவ, 1954இல் பூனா அருகே பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் எழுந்தது. பென்சிலின் தயாரித்ததோடு நிற்காமல், எம்.ஜே. திருமலாச்சார் தலைமையில் ஹாமைசின் என்ற சொந்தப் பூஞ்சைக்கொல்லியையும் கண்டுபிடித்தது. பின்னாளில் நிறுவனம் நிதி நெருக்கடியில் சிக்கியது. சீன விலையோடு மோத முடியாமல் நாட்டில் பென்சிலின்-ஜி உற்பத்தியே நின்றுபோனது. அரசின் ஊக்கத் திட்டத்தின் துணையோடு 2024இல்தான் காக்கிநாடாவில் அதற்குப் புதிய ஆலை திறக்கப்பட்டது.

அதே 2024இல் வேறு இரு நல்ல செய்திகள். சென்னையின் ஆர்ச்சிட் ஃபார்மா கண்டுபிடித்த என்மெட்டாஸோபேக்டம், செஃபெபிம் மருந்தோடு சேர்த்து அமெரிக்க அனுமதி பெற்றது. செஃபெபிமும் சார்டினியப் பூஞ்சையின் வம்சம்தான். வொக்ஹார்ட் உருவாக்கிய நாஃபித்ரோமைசின், 14 ஆண்டு உழைப்பிலும் 500 கோடி ரூபாய் செலவிலும் வந்த உள்நாட்டு ஆன்டிபயாடிக் என்று மத்திய அரசு அறிவித்தது. ஆக மருந்தாக்கும் திறமை நம்மிடம் இருக்கிறது. பாசி பறித்துப் பூஞ்சை வளர்க்கும் திறமையும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவேதான் பாலம் இல்லை. 1990களின் தொடக்கத்தில் அப்போதைய கடல் மேம்பாட்டுத் துறை, லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சிக் கழகத்தை மையமாக்கி, கடலிலிருந்து மருந்து தேடும் தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நூற்றுக்கணக்கான கடல் உயிர்கள் சலித்துப் பார்க்கப்பட்டன. கடைக்கு வந்த ஆன்டிபயாடிக் எதுவும் இல்லை.

மூன்று ஆண்டு நிதியில் ஒரு வட்டத்தைக் காட்டலாம். மருந்தைக் காட்ட முடியாது. கல்லூரி ஆய்வகத்தில் கிடைக்கும் பூஞ்சை, மாணவர் பட்டம் வாங்கிப் போனதும் குளிர்பெட்டியிலேயே செத்துப்போகாமல் சண்டிகரிலும் புனேயிலும் உள்ள தேசியச் சேமிப்பு நிலையங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கிருந்து ரசாயனக் கூடத்துக்கு, பிறகு நச்சுச் சோதனைக்கு, கடைசியாகத் தொழிற்சாலைக்கு என்று 15 ஆண்டுக்குக் கை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். லாபம் வந்தால் அதில் கடலோர மக்களுக்கும் பங்கு வேண்டும். 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டமும் அதை அமல்படுத்தச் சென்னையில் அமைந்த தேசிய ஆணையமும் இருப்பது அதற்காகத்தான்.

இதற்கெல்லாம் முன்பு, தேட இடம் மிஞ்ச வேண்டும். சுந்தரவனம் முதல் கட்ச் வரை நாட்டின் அலையாத்திக் காடுகள் எல்லாம் சேர்ந்து 5,000 சதுர கி.மீ. கூட இல்லை. பாக் விரிகுடாவின் கடற்புல் வெளியில் 448 சதுர கி.மீ. பரப்பை 2022இல் தமிழக அரசு கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. கடற்பசு மேயும் புல்லுக்குள் என்னென்ன பூஞ்சைகள் குடியிருக்கின்றன என்ற கணக்கெடுப்பு இப்போதுதான் சூடுபிடிக்கிறது. அதில் ஒன்று நாளைய செஃபலோஸ்போரினாக இருக்கலாம். எதுவுமே இல்லாமலும் போகலாம். புல்வெளியை இழுவலை வழித்தெடுத்துவிட்டால் இரண்டில் எது உண்மை என்பதுகூடத் தெரியாமல் போய்விடும்.